மஞ்சள் முக்கோணம் யாருக்கு?

2008 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. அந்தத் தேதி முதலில் பிறந்த நாடுகளில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அடக்கம். அதனால் சிக்கலை முதலில் சந்தித்தவர்களும் அங்கிருந்த சர்வர் நிர்வாகிகள்தான். ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்ட உதவும், விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ் 3.5 மென்பொருளுக்கு வந்த இரண்டாவது அப்டேட்டைப் போட்டிருந்த சர்வர்களில், ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் இயந்திரங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. அணைத்து வைத்திருந்ததை மறுபடி ஏற்றப் போனால் மட்டும் ஏறவில்லை. ஓட்டத்தை நிறுத்தாமலே ஓர் இயந்திரத்தை வேறு சர்வருக்கு மாற்றும் விமோஷன் வசதியும் மறுத்துவிட்டது. திரையில் வந்த பிழைச் செய்தியிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. லாக் கோப்பைத் திறந்து தேடியவர்களுக்குத்தான் காரணம் கிடைத்தது. இந்த மென்பொருள் காலாவதியாகிவிட்டது என்று அதில் இருந்தது. முழுப் பணமும் கட்டி, முறையான லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு வந்த பதில் இது.

சோதனைப் பதிப்புகளில் ஒரு கெடுத் தேதியை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். சோதிக்க வாங்கியவர்கள் அதையே வருடக்கணக்கில் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் கெடுவை எடுத்துவிட்டுத்தான் இறுதிப் பதிப்பை வெளியிட வேண்டும். எடுக்காமலே வெளியிட்டுவிட்டார்கள். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டயான் கிரீனைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கி, பால் மாரிட்ஸை அமர்த்தி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாரிட்ஸ் வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கெடுவை நீக்காதது ஒரு தவறு, தரச் சோதனையில் அதைப் பிடிக்காதது இரண்டாவது தவறு என்று இரண்டையும் ஒப்புக்கொண்டார். சரிசெய்த மென்பொருளும் விரைவாகவே வந்தது.

அந்தத் தேதியின் வாரக்கிழமையையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில்தான் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும். திருத்தம் போட்ட கையோடு சர்வர்களை அணைத்து ஏற்றும் இடங்கள் அப்போது ஏராளம். அணைத்தால் எழாது என்ற நோய், உலகமே அணைத்து ஏற்றும் வாரத்தில் வந்தது.

திருத்தம் வரும்வரை என்ன செய்வது? நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் சேவையை நிறுத்திவிட்டு, சர்வரின் கடிகாரத்தைக் கெடுவுக்கு முந்தைய ஒரு தேதிக்குத் திருப்பி வைப்பது. இதுதான் மாற்றுவழியாகச் சொல்லப்பட்டது, பலர் செய்தார்கள். நேரம் பிசகினால் சர்வர் உலகத்தில் என்னென்ன பிசகும் என்று அறிந்தவர்களுக்கு இது எத்தனை பயங்கரமான மருந்து என்று தெரியும். நிறுவன வலைகளில் பயனரை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறை, வழக்கமான அமைப்பில், ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. வங்கிப் பரிவர்த்தனையின் வரிசை, மருந்து கொடுத்த நேரம், யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவு, எல்லாமே கடிகாரத்தை நம்பியவை. லைசென்ஸ் ஒன்றின் பிழையைச் சமாளிக்க நேரத்தையே பொய் சொல்ல வைக்க வேண்டி வந்தது.

பழைய கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. அன்று எந்த அலர்ட்டும் அடிக்கவில்லை. அடிக்க வழியும் இல்லை, ஏனென்றால் அந்தத் தேதி உள்ளே இருந்ததே யாருக்கும் தெரியாது. இன்றோ ஒவ்வொரு லைசென்ஸின் கடைசி நாளும் வாங்கும்போதே தெரியும். கண்காணிப்பு மென்பொருள்கள் பல வாரங்களுக்கு முன்பே எச்சரிக்கின்றன. ஆனாலும் லைசென்ஸ் முடிந்து சர்வர்கள் முடங்கும் இரவுகள் நின்றபாடில்லை. இந்த வேலையில் பல வருடம் இருந்த பிறகு என் மனதில் உறுதிப்பட்ட ஒரு கருத்து உண்டு. லைசென்ஸ் அலர்ட் போய்ச் சேருகிற ஆளுக்கு அதைத் தீர்க்கும் அதிகாரம் இல்லை, தீர்க்கும் அதிகாரம் உள்ளவர் அந்தத் திரையைப் பார்ப்பதே இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று நாம் பதிவு செய்கிற பல இரவுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிற மாடிகளில் நடப்பதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அது பகல். கடல்கடந்த நிறுவனம் ஒன்றின் நூற்றுக்கணக்கான சர்வர்கள், அவற்றை மொத்தமாகக் கவனிக்க விஎம்வேர் தரும் வி-சென்டர் திரையின் இடப்பக்கத்தில் கிளை கிளையாக விரிந்து கிடக்கும். சிக்கல் உள்ளவற்றின் மேல் மஞ்சள் முக்கோணம், முற்றிப்போனவற்றின் மேல் சிவப்பு. மெய்நிகர் வட்டுகள் இருக்கும் டேட்டாஸ்டோர் 75 சதவீதம் நிரம்பினால் மஞ்சள், 85 ஆனால் சிவப்பு. ஹோஸ்டின், அதாவது அந்த இயந்திரங்களைத் தாங்கும் சர்வரின், சிபியு பயன்பாடு 75 சதவீதத்தைத் தாண்டி ஐந்து நிமிடம் நின்றால் மஞ்சள், 90 என்றால் சிவப்பு. மென்பொருளோடு வரும் இந்த அளவுகளைப் பெரும்பாலான இடங்களில் யாரும் மாற்றுவதில்லை. அதனால் ராத்திரி பேக்கப் ஓடும் நேரத்தில் திரை மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துவிடும், பேக்கப் முடிந்ததும் தானே அடங்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு வரி: இந்த ஹோஸ்டின் லைசென்ஸ் விரைவில் காலாவதியாகிறது. அதற்கும் அதே மஞ்சள், அதே முக்கோணம்.

“அண்ணா, இந்த லைசென்ஸ் அலர்ட் போன வாரத்துலேர்ந்து நிக்குது. என்ன பண்ண?”

“டிக்கெட் போட்டாச்சா?”

“போட்டிருக்காங்க. ப்ரொக்யூர்மெண்ட்ல பெண்டிங்னு இருக்கு.”

“அப்ப அக்னாலெட்ஜ் பண்ணிட்டு அடுத்ததப் பாருடா.”

அக்னாலெட்ஜ் என்ற பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? அலர்ட் அழியாது, பட்டியலிலேயே இருக்கும். அதற்காக அனுப்பப்படும் மின்னஞ்சல் முதலான நடவடிக்கைகள் மட்டும் நின்றுவிடும். ஒருவர் பார்த்துவிட்டார், இனி அவர் பொறுப்பு என்பது இதன் அர்த்தம். டேட்டாஸ்டோர் நிரம்பிய அலர்ட்டில் இந்த ஏற்பாடு பொருந்தும். பார்த்த பையன் மறந்துபோன ஸ்நாப்ஷாட்களைத் தேடி அழிப்பான், சில இயந்திரங்களை வேறு டேட்டாஸ்டோருக்கு மாற்றுவான், விடிவதற்குள் பச்சையாகிவிடும். லைசென்ஸில் அவன் என்ன செய்வான்? அவனிடம் நிறுவனத்தின் பணம் இல்லை, விற்பனையாளரின் தொலைபேசி எண் இல்லை, எத்தனை கோருக்கு வாங்கினார்கள் என்ற ஒப்பந்தம் கண்ணில் பட்டதும் இல்லை. அவன் கையில் இருப்பது அந்தப் பொத்தான் ஒன்றுதான். அதை அழுத்திய நொடியில், பணம் உள்ளவருக்கு எப்போதாவது எட்டியிருக்கக்கூடிய சத்தமும் அடங்கிவிடுகிறது.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலர்ட் வந்து எத்தனை நிமிடத்தில் அக்னாலெட்ஜ் செய்தான் என்பதைத்தான் மாத இறுதியில் அளக்கிறார்கள். வாடிக்கையாளருடன் போட்ட ஒப்பந்தமும் அதையே கேட்கிறது. பிரச்சினை தீர்ந்ததா என்ற கேள்வி வேறொரு துறையின் வேறொரு அறிக்கையில் எங்கோ இருக்கிறது. நான் அறிந்த ஒரு நிறுவனத்தில், முடங்கிய காலையில் கூடிய கூட்டத்தில் முதல் கேள்வி, அலர்ட்டை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்பதாக இருந்தது. கவனித்திருந்தார்கள். ஒவ்வொரு ஷிப்டும் கவனித்து, குறித்து, அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்திருந்தது. டிக்கெட்டில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. கையெழுத்துப் போடக்கூடியவர் பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை.

அலர்ட் என்றால் என்ன என்பதை வேறு தொழில்கள் உயிரையும் உறுப்பையும் விலையாகக் கொடுத்துக் கற்றிருக்கின்றன. வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் பகுதியில் இருந்த டெக்ஸாகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று வெடிவிபத்து நேர்ந்தது. 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்பதற்கு முந்தைய 10.7 நிமிடங்களில், கட்டுப்பாட்டு அறையில் இருந்த இரண்டு பேர் முன் 275 அலாரங்கள் வந்து விழுந்தன என்று விசாரணை கண்டறிந்தது. ஒவ்வொன்றையும் படித்து முடிக்கவே நேரம் இல்லை. அதன் பிறகு 1999இல் பிரிட்டனில் அலாரங்களை வடிவமைப்பதற்கென்றே ஒரு வழிகாட்டி வந்தது, ஈஈஎம்யுஏ 191 என்று பெயர். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவைத்தான் ஒரு மனிதர் தாங்குவார் என்று அது வகுத்தது. அதைவிட முக்கியமாக, அலாரத்தைப் பெறுகிறவர் செய்ய வேண்டிய செயல் ஒன்று வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. செயல் இல்லையென்றால் அது அலாரமே இல்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஷிப்டில் இருக்கும் பையனுக்கு வரும் லைசென்ஸ் எச்சரிக்கை அலாரம் என்ற பெயருக்கே தகுதியற்றது.

லைசென்ஸ் முடிந்தால் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதிலும் வேறுபாடுகள் உண்டு. வியன்னாவில் உருவாகும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருள், சந்தா இல்லாதவர்களுக்கு உள்நுழையும்போதெல்லாம் ஒரு பெட்டியைக் காட்டி நினைவூட்டும், வேலையைத் தடுக்காது. விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பு, கெடு முடிந்ததும் மணிக்கு ஒருமுறை தானே அணையும், மறைக்க முடியாத தொல்லை அது. இஎஸ்எக்ஸின் வாரிசான இஎஸ்எக்ஸ்ஐயின் வழி இரண்டும் கலந்தது. லைசென்ஸ் முடிந்த ஹோஸ்டில் ஓடுகிற இயந்திரங்கள் தொடர்ந்து ஓடும், அணைந்ததை மறுபடி ஏற்ற முடியாது. ஓடுகிறவரை ஓடும், நின்றால் எழாது. 2008இல் தவறுதலாக நடந்தது இங்கே வடிவமைப்பாகவே இருக்கிறது. மூன்றில் இதுதான் ஆபத்தானது என்பது என் முடிவு. கெடு முடிந்த மறுநாள் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். இன்னொரு கோளாறு வந்து இயந்திரத்தை அணைத்து ஏற்ற வேண்டிய இரவில்தான் உண்மை தெரிகிறது. ஒரு விபத்தைச் சமாளிக்கும் வேளையில் இரண்டாவது விபத்து வந்து மீளும் வழியை அடைக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. லைசென்ஸ் முடிந்த ஹோஸ்ட் வி-சென்டரிலிருந்து துண்டிக்கப்படும். துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அந்த ஹோஸ்டில் வட்டு நிரம்புகிறதா, நினைவகம் திணறுகிறதா என்று வி-சென்டர் இனிச் சொல்லாது. அதிகக் கவனம் தேவைப்படும் சர்வர், கவனிப்பவர் பார்வையிலிருந்து விலகிவிடுகிறது.

அமைதி எத்தனை ஏமாற்றும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14 சாட்சி. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில், ஃபர்ஸ்ட்எனர்ஜி மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் பகல் 2.14க்குப் பிறகு செயலிழந்தது. செயலிழந்ததையும் அது யாருக்கும் அறிவிக்கவில்லை. மின்கம்பிகள் தாழ்ந்து மரங்களில் உரசி ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டபோது, இயக்குபவர்கள் முன்னால் இருந்த திரை சலனமற்று இருந்தது. வெளியிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தவர்களின் பேச்சை விட அந்தத் திரையை அவர்கள் நம்பினார்கள். மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். இன்று ப்ரோமிதியஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களை ஓட்டுகிறவர்கள், எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் அலர்ட் ஒன்றை வேண்டுமென்றே வைக்கிறார்கள். அது நின்றால்தான் செய்தி. அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன்.

தேதி தெரிந்தும் மென்பொருளே வாய் திறக்காத சம்பவமும் நடந்திருக்கிறது. வி-சென்டர் 6.5இன் இரண்டாவது அப்டேட்டிலிருந்து நிறுவியவர்களுக்கு, உள்நுழைவைச் சரிபார்க்கும் சான்றிதழ் இரண்டே வருடம்தான் செல்லும் என்று அமைந்திருந்தது. அது முடியப்போகிறது என்று சொல்ல அலர்ட் வைக்கப்படவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் யாராலும் வி-சென்டருக்குள் நுழைய முடியவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில் அந்த அலர்ட்டைச் சேர்த்தார்கள்.

லைசென்ஸ் என்பது முன்பு இத்தனை நெருக்கடியாக இருந்ததில்லை. ஐபிஎம் 1969 ஜூனில் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவிக்கும்வரை, அது பெரும்பாலும் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. தனி விலை வந்த பிறகு எதை எண்ணி விலை போடுவது என்ற கேள்வி வந்தது. ஒரு பெட்டி, ஒரு கணினி என்று இருந்தவரை விடை எளிது. ஒரே பெட்டிக்குள் முப்பது மெய்நிகர் இயந்திரங்கள் ஓடினால் எதை எண்ணுவது? விஎம்வேர் முதலில் சிபியுவை எண்ணியது. 2011 ஜூலையில் நினைவகத்தையும் எண்ணப் போகிறோம் என்றது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், அடுத்த மாதமே வரம்பைத் தளர்த்தியது, 2012இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 2020இல் ஒரு சிபியு லைசென்ஸுக்கு 32 கோர் வரைதான் என்றது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் சுமார் 69 பில்லியன் டாலருக்கு விஎம்வேரை வாங்கி முடித்தது. டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. இனி சந்தா மட்டும்தான், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோருக்குக் கணக்கு. எட்டுக் கோர் உள்ள பழைய சிபியுவும் பதினாறுக்குக் கட்ட வேண்டும்.

நிரந்தர லைசென்ஸுக்குக் கடைசி நாள் கிடையாது. ஆதரவு ஒப்பந்தம் முடிந்தாலும் மென்பொருள் ஓடும். பட்ஜெட் இழுபறியில் சிக்கும் அரசு மருத்துவமனையோ கல்லூரியோ, புதுப்பிக்கத் தாமதமானாலும் சர்வரை நம்பி இருக்கலாம். சந்தாவில் அப்படி இல்லை, ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் ஒரு கெடு வந்துவிட்டது. 2025இல் வந்த விஎம்வேரின் 9ஆம் பதிப்பிலோ, பயன்பாட்டுக் கணக்கை 180 நாளுக்குள் ஒருமுறையாவது நிறுவனத்திடம் சமர்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. பணம் கட்டியிருந்தாலும் கணக்கு அனுப்பத் தவறினால் சிக்கல். இனி லைசென்ஸ் அலர்ட் அபூர்வ விருந்தாளி இல்லை, அடிக்கடி வரும். வருகிற இடம் மட்டும் மாறவில்லை.

வராத அலர்ட் ஒன்றும் இருக்கிறது, எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். ஆரக்கிள் நிறுவனம், தன் தரவுத்தளம் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஓடினால், அந்த இயந்திரம் ஓடக்கூடிய எல்லாச் சர்வர்களுக்கும் லைசென்ஸ் கேட்கிறது. விஎம்வேரை வைத்து எல்லை போட்டுக்கொண்டதை அது ஏற்பதில்லை. விடுதியில் ஓர் அறையில் தங்கியவரிடம், நீங்கள் எந்த அறைக்கும் நடந்து போயிருக்கலாம் என்று சொல்லி முழு விடுதிக்கும் வாடகை கேட்பதைப் போன்றது இது. சாக்லெட் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனம் இதை எதிர்த்து 2015இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டது. தணிக்கைக்காக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொடுத்துவிட்டோம் என்று முறையிட்டது. தீர்ப்பு வரும் முன்பே வழக்கு திரும்பப் பெறப்பட்டது, அதனால் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஷிப்டில் இருப்பவரின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். சுமையைச் சமன்செய்யும் டிஆர்எஸ் என்ற ஏற்பாடு, ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு மெய்நிகர் இயந்திரத்தைத் தானாக வேறு ஹோஸ்டுக்கு மாற்றும். அதற்குத்தான் அதை வாங்கினோம். திரையில் எல்லாம் பச்சை. மாறியது ஆரக்கிள் ஓடும் இயந்திரமாக இருந்து, போய்ச் சேர்ந்த ஹோஸ்டுக்கு லைசென்ஸ் வாங்கியிராவிட்டால், நிறுவனத்துக்குப் பெரும் தொகையில் ஒரு தகராறு அந்த நொடியில் முளைத்துவிட்டது. வி-சென்டருக்கு ஆரக்கிளின் ஒப்பந்தம் தெரியாது. ஒப்பந்தம் தெரிந்த கொள்முதல் அதிகாரிக்கு டிஆர்எஸ் என்ற பெயரே தெரியாது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் ஆள் பல நிறுவனங்களில் இல்லை. தணிக்கைக் கடிதம் வரும் நாளில்தான் இரண்டு துறைகளும் முதன்முதலாக ஒரே அறையில் உட்காருகின்றன.

செய்ய வேண்டியது புதிய மென்பொருள் வாங்குவது இல்லை. லைசென்ஸ் எச்சரிக்கையைச் சிபியு, வட்டு அலர்ட்களின் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அது பணத்தைப் பற்றியது, அதனால் பணத்தைக் கையாளுகிறவருக்கு நேராகப் போக வேண்டும். குழு முகவரிக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், ஒரு மனிதரின் பெயருக்குப் போக வேண்டும். விலைப்புள்ளி வாங்கி, ஒப்புதல் பெற்று, ஆணை வெளியிட ஒரு நிறுவனத்துக்கு மூன்று மாதம் ஆகும் என்றால், எச்சரிக்கை முப்பது நாள் முன்பு வந்து பயன் இல்லை, நான்கு மாதம் முன்பே வர வேண்டும். ஷிப்டில் இருப்பவரிடம் அக்னாலெட்ஜ் பொத்தானைத் தவிர இன்னொரு வழியும் இருக்க வேண்டும்: இது என் கையில் இல்லை, இன்னார் கையில் இருக்கிறது என்று எழுதி மேலே அனுப்பும் உரிமை, அப்படி அனுப்பியதற்காக மதிப்பெண் குறையாது என்ற உறுதி.

கொள்முதல் துறையிலோ நிதித்துறையிலோ இருக்கிற ஒருவர் இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சந்தாக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஷிப்ட் பொறியாளரை அழைத்து, இந்தத் தேதி தாண்டினால் எந்தச் சர்வர் எழாது, அதில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கோப்பின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி, கீழே உங்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.